பெத்தம்மாளும் கீழக்காலனி ஸ்டேஜும்

2.1.2023, திங்கள் – ரூ. 300
5.1.2023, வியாழன் – ரூ. 300
9.1.2023, திங்கள் – ரூ. 300
12.1.2023, வியாழன் – ரூ. 300
16.1.2023, திங்கள், மாட்டுப் பொங்கல் – ரூ. 500
19.1.2023, வியாழன் – ரூ. 300
23.1.2023, திங்கள் – போகவில்லை
26.1.2023, வியாழன் – ரூ. 300
30.1.2023, திங்கள் – போகவில்லை
மொத்தம் ரூ. 2,300

இது ஆட்டோ வாடகை. கீழக்காலனியிலிருந்து வேலங்குளம் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு மனிதரைக் காலையில் கொண்டுபோய்விட்டு, மதியம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான செலவு. தூரம் இரண்டே கால் கிலோமீட்டர். ஆட்டோ நான்கு கிலோமீட்டர் தள்ளி, திருச்சுழி ரோட்டு விலக்கிலிருந்து வர வேண்டும் என்பதால் நடைக்கு நூற்றைம்பது. அந்த மனிதர் சோணைமுத்து, வயது அறுபத்து மூன்று. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ். அங்கே காசு கிடையாது. செலவெல்லாம் போய்ச் சேருவதில்தான்.

மேலே உள்ள தேதிகளையும் தொகைகளையும் எனக்குச் சொன்னவர் அவர் மனைவி பெத்தம்மாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1.2.2023 புதன்கிழமை காலை என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, ஒரு தாளும் இல்லாமல் வாயால் சொன்னார். பிறகு மருத்துவமனை நோட்டை வாங்கிச் சரிபார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பெத்தம்மாளுக்கு வேலை கருவேலங்கரி மூட்டம். வெட்டுவது, அடுக்குவது, மண் போட்டு மூடுவது, வெந்த கரியைச் சாக்கில் அள்ளுவது. நாற்பது வருடமாக எத்தனை சாக்கு, எந்த நாளில் என்று தலையிலேயே வைத்துக்கொண்டவர். "நோட்டு வச்சிருக்கிறது காண்ட்ராக்டரு. நான் மறந்தா அவருக்குத்தானய்யா லாபம்" என்பார்.

கரி அள்ளினால் அவருக்கு நாளுக்கு முந்நூறு ரூபாய். கணவரைக் கூட்டிப் போகிற நாளில் அதுவும் கிடையாது.

அந்தப் பட்டியலில் 'போகவில்லை' என்று இரண்டு வரி இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருந்தார்.

"இருபத்து மூணாந் தேதி, 'மிஷினு ரிப்பேராம், ஆஸ்பத்திரியில இருந்து போனு வந்துச்சு'ன்னாரு. நம்புனேன். முப்பதாந் தேதியும் அதையே சொன்னாரு. நேத்து நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டா, மிஷினு ஒருநாளும் நிக்கலையாம். இவருதான் வரலையாம்."

"ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்டேன்.

"ஏனா? எந்தங்கச்சி மகளுக்கு வளையல் போட வச்சிருந்த ரூவா ஆட்டோவுக்குப் போகுதுன்னு பாத்துட்டாரு. வாரத்துக்கு ஒண்ணு போதுமாம் அவருக்கு. கஞ்சியா இது, ஒருவேளை குறைச்சுக்கிறதுக்கு?"

சொல்லும்போது சிரித்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். மருத்துவர் அவரிடம் சொன்னதை அதற்குப் பிறகுதான் சொன்னார். இப்படி விட்டு விட்டுப் போனால் சித்திரையைப் பார்க்க மாட்டார் என்று.

அவர் கேட்டது ஒன்றுதான். ஏழாம் நம்பர் டவுன் பஸ் கீழக்காலனிக்கு வர வேண்டும். அதற்கு நான் மனு எழுதித் தர வேண்டும்.

என் பெயர் பூமிநாதன். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பர் வேலை பார்த்து 2010-இல் ஓய்வு பெற்றேன். ஊர் வேலங்குளம். ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு அதை ஓட்டியவர்களுக்கும் தெரியாது. காலையில் 6.40-க்கு வேலங்குளம் வந்து சேரும். 7.05-க்குக் கிளம்பும். நடுவில் இருபத்தைந்து நிமிடம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் சும்மா நிற்கும். காலனி வரைக்கும் தார் ரோடுதான். போக ஆறு நிமிடம், வர ஆறு நிமிடம், ஏற்றி இறக்க மூன்று. பதினைந்து நிமிடத்தில் போய் வந்துவிட்டு, டிரைவர் டீ குடிக்கப் பத்து நிமிடம் மிச்சமிருக்கும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். பை, செய்தித்தாள், குடை, எதுவும் ஆகும். போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். காலனிக்காரர்கள் இரண்டே கால் கிலோமீட்டர் நடந்து வந்து பார்க்கும்போது எல்லா சீட்டிலும் துண்டு உட்கார்ந்திருக்கும். நின்றுகொண்டு போவார்கள். பஸ் காலனியிலிருந்து கிளம்பினால் அவர்கள் முதலில் உட்கார்ந்துவிடுவார்கள். ரோடு சரியில்லை, அச்சு முறிந்துவிடும் என்று ஊரார் சொல்லிவந்த காரணம் எல்லாம் இதற்காகத்தான். என் வீட்டுத் துண்டும் அந்த சீட்டுகளில் கிடந்ததுதான்.

பெத்தம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். 2009-இல் காலனிக்காரர்கள் போட்ட மனுவுக்குப் போக்குவரத்துக் கழகக் கிளை அலுவலகம் அனுப்பிய பதில். மடிப்பு கிழிந்து, பின்னால் ஒட்டுப்போட்டிருந்தது. நடுவில் ஒரு வரி: 'மேற்படி கீழக்காலனியில் ஏறுவோரும் இல்லை, இறங்குவோரும் இல்லை என்று தெரியவருவதால், கோரிக்கையை ஏற்க இயலாது.'

அந்த வரி என்னுடையது. அலுவலகம் கேட்டது, நான் எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஜ் வாரியாக, அதாவது டிக்கெட் நிறுத்தம் வாரியாக, ஒரு வாரக் கணக்கு. வேலங்குளம், சராசரி ஏறுவோர் 41. கீழக்காலனி 0. எண்ணில் பிழை கிடையாது. பஸ் போகாத இடத்தில் யாரும் ஏற முடியாது. ஆனால் அந்த நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர் காலில் கரிசல் சேற்றோடு நடந்து வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நானும் ஒரு கட்டம் போடவில்லை.

"பெத்தம்மா, இதை எழுதுனது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். அறுபதை நெருங்கிய பெண்ணை அன்று வரை நீ, வா, போ என்றுதான் பேசிவந்தேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

"தெரியுமேய்யா. அப்பவே கண்டக்டர் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்த?"

"இல்லைன்னு எழுதுனவுக நீங்க. இருக்குன்னு எழுதவும் நீங்கதானய்யா வேணும்? வேற ஆளு எழுதுனா பழைய நோட்டைக் காட்டுவாங்கள்ல?"

அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து மனு எழுதினேன். தூரம், நேரம், ஆட்டோ வாடகைப் பட்டியல், 2009-இல் நான் கொடுத்த கணக்கில் விடுபட்டது, எல்லாம். நான்கு பக்கம். சாயங்காலம் பெத்தம்மாள் வந்து கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டு மை காயும்வரை ஊதினார். பிறகு, "உங்க கையெழுத்து எங்கய்யா?" என்றார்.

மனுதாரர் அவர்தான், எழுதியவர் கையெழுத்துத் தேவையில்லை என்று சொன்னேன். விதி அப்படித்தான். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழெட்டு நிமிடம் இருக்கும். போட்டேன்.

ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் திங்கள்கிழமை. சோணைமுத்துவுக்கும் திங்கள்கிழமைதான் மிஷின். அதனால் 6.2.2023 அன்று மனுவோடு விருதுநகருக்கு நான் போனேன், பெத்தம்மாள் கணவரோடு ஆட்டோவில் போனார்.

ஊருக்குள் செய்தி பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. என் அண்ணன் முறைக்காரர் மகன் வெள்ளத்துரை, உரக்கடை வைத்திருப்பவன், டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

"என்ன சித்தப்பா, பென்ஷன் பத்தலையா? காலனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?"

"ஆட்டோவுக்குக் குடுக்கவே அவன்கிட்ட இல்லைடா."

"அது சரி. அவுக உக்காந்து வரணும், நாங்க கம்பியைப் பிடிச்சுத் தொங்கணும். நல்லா எழுதியிருக்கீக."

"உன் துண்டு இருபத்தஞ்சு நிமிசம் உக்காந்திருக்கிற சீட்டுதானடா அது" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பிறகு ஒரு மாதம் என் தெருவில் அவன் வண்டி நிற்கவில்லை.

முதல் கடிதம் 14.3.2023 அன்று வந்தது. மூன்று மாதச் சோதனை ஓட்டம். 20.3.2023 முதல் 19.6.2023 வரை காலை ஒரு நடையும் மாலை ஒரு நடையும் கீழக்காலனி வரை நீட்டிக்கப்படும். கீழக்காலனி ஸ்டேஜில் நடைக்குச் சராசரி பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் நீட்டிப்பு ரத்து.

முதல் நாள் காலை நான் மந்தையில் நின்றிருந்தேன். 6.53-க்குக் காலனியிலிருந்து பஸ் திரும்பி வந்தது. முன் ஜன்னலோரம் சோணைமுத்து, வெள்ளை வேட்டி கட்டி, தலை வாரி உட்கார்ந்திருந்தார். வெள்ளத்துரை பழக்கத்தில் பஸ் நின்றதும் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டை வீசினான். அது நேராகச் சோணைமுத்துவின் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து, உதறி, நான்காக மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டார். வெள்ளத்துரை ஏறியதும் பணிவாகச் சொன்னார்:

"எடம் பிடிச்சு வச்சிருக்கேன், வாங்க. என் மடிதான் காலியா இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. ஊர்ப் பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். வெள்ளத்துரை துண்டைப் பிடுங்கிக்கொண்டு அருப்புக்கோட்டை வரை நின்றுகொண்டே போனான். பெத்தம்மாள் மட்டும் கணவரின் தொடையில் கிள்ளி, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கீகளா? திரும்பி வர வேணாமா?" என்று அதட்டியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து திங்கள், வியாழன் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டு மணி மிஷினில் படுத்து, பன்னிரண்டுக்கு எழுந்து, மாலை பஸ் வரும்வரை மருத்துவமனை வேம்பின் கீழே சோணைமுத்து தூங்குவார். பெத்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். மருந்து வாங்கப் போகும்போது இரண்டு மூன்று முறை நானே பார்த்தேன். ஒரு முறை தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பெத்தம்மாள் வேண்டாம் என்று சைகை காட்டி, எழுந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய், அங்கே என்னிடம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

சோணைமுத்துவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். அதற்கு மேல் குடித்தால் உடம்பில் தங்கி மூச்சு முட்டும். பங்குனி வெயிலில், இந்தக் காட்டில், அரை லிட்டர். "அவரு முன்னாடி நான் குடிக்கிறதில்லைய்யா. வீட்டுலயும் கொல்லைப் பக்கம் போய்த்தான். டம்ளர் சத்தம் கேட்டாலே திரும்பிப் பாப்பாரு" என்றார். இது தொடங்கி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

முதல் மாதம் முடிந்ததும், 21.4.2023 அன்று, கண்டக்டர் ராஜகுருவிடம் கணக்குக் கேட்டேன். குமாரலிங்கபுரம் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். டிக்கெட் மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கீழக்காலனி சராசரி நாலு சார்" என்றான்.

நான் நம்பவில்லை. காலையில் மந்தையில் நின்று தினமும் தலை எண்ணியவன் நான். காலனியிலிருந்து வரும்போதே பஸ்ஸில் பதினேழு, பதினெட்டு, சில நாள் இருபத்திரண்டு பேர் இருப்பார்கள்.

"நீ டிக்கெட் எப்பப் போடுற?"

"வேலங்குளம் தாண்டித்தான் சார் போடுவேன். எங்க ஏறுனீங்கன்னு கேப்பேன். வேலங்குளம்பாங்க. போட்டுருவேன். சாயங்காலமும் பஸ் ஸ்டாண்டுல வேலங்குளம்னுதான் கேக்குறாங்க. லேடீஸுக்கு எப்படியும் காசு கிடையாது. ஆம்பளைகளுக்கும் ரெண்டு ஸ்டேஜும் ஒரே ரேட்டு. அதனால நானும் கண்டுக்கல."

யாருக்கும் காசு நஷ்டமில்லை. அதனால்தான் யாருமே கவனிக்கவில்லை. பதினெட்டுப் பேர் ஏறி, பதினான்கு பேர் வேலங்குளத்தின் கணக்கில் போயிருந்தார்கள். 2009-இல் நான் எழுதியதையே இப்போது அவர்கள் தங்கள் வாயால் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்படியே போனால் ஜூன் பத்தொன்பதோடு பஸ் நின்றுவிடும். மறுபடி ஆட்டோ. மறுபடி சோணைமுத்துவின் மிஷின் ரிப்பேர்.

மறுநாள் சனிக்கிழமை. கரி மூட்டம் போடும் காட்டுக்கே போய்ப் பெத்தம்மாளிடம் சொன்னேன். முகமெல்லாம் கரி. கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. கேட்டுவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

"நானே அப்படித்தானய்யா சொல்லுதேன்" என்றார்.

"ஏன்?"

"பழக்கந்தான். கல்யாணமாகி வந்த புதுசுல, அருப்புக்கோட்டையில நூல் சுத்துற வீட்டுல வேலைக்குச் சேந்தேன். பத்து நாளு அந்தம்மா அவுக டம்ளர்லயே டீ குடுத்துச்சு. நல்ல டீ, ஏலக்கா போட்டு. பதினோராம் நாளு 'எந்தூரும்மா'ன்னுச்சு. வேலங்குளம் காலனின்னேன். அன்னைக்கே கொட்டாங்கச்சி வந்துருச்சு. டீ மட்டும் அதே டீ." கையிலிருந்த கரித்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு அப்புறம் யாரு கேட்டாலும் வேலங்குளம்தான். எம்மக ரெண்டு பேருக்கும் அப்படியே சொல்லிக் குடுத்தேன். ஒருத்தி திருப்பூர்ல இருக்கா, ஒருத்தி பந்தல்குடியில இருக்கா. இன்னைக்கும் அதான் சொல்லுவாளுக."

வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

27.4.2023 வியாழன், மாலை 5.10 பஸ். பென்ஷன் வேலையாகப் போயிருந்த நானும் அதில் ஏறினேன். கூட்டம் அதிகம். சோணைமுத்து நடுவில் ஒரு சீட்டில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். பெத்தம்மாள் அவர் தலை கம்பியில் இடிக்காமல் உள்ளங்கையை இடையில் வைத்திருந்தார். காலனிப் பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். இரண்டு சீட்டுத் தள்ளி தீபலட்சுமி, காலனிப் பெண், ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், கடைச் சிநேகிதி ஒருத்தியோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் வெள்ளத்துரையும் இருந்தான்.

ராஜகுரு மிஷினோடு வந்தான். "எங்கம்மா?"

"ரெண்டு கீழக்காலனி" என்றார் பெத்தம்மாள்.

அந்தச் சத்தம் காட்டில் ஆள் கூப்பிடும் சத்தம். சோணைமுத்து திடுக்கிட்டுக் கண் திறந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"எனக்கு ஓசி. இவுகளுக்குத் துட்டு இந்தா. ரெண்டுலயும் கீழக்காலனின்னு இருக்கணும். எழுத்துத் தெரியாதுன்னு ஏமாத்திராத, ஐயாகிட்டக் காட்டிப் பாத்துருவேன்."

ராஜகுரு சிரித்துக்கொண்டே கிழித்துக் கொடுத்தான். அவர் அதைச் சீட்டைத் தாண்டி என்னிடம் நீட்டினார். பார்த்துத் தலையாட்டினேன்.

அடுத்தவர் ஒரு வயதான பெண். "அதேதான் எனக்கும்" என்றார். "பேரச் சொல்லு மதினி" என்றார் பெத்தம்மாள். "கீழக்காலனிதான், போ" என்று அவர் கோபமாகச் சொன்னார். மூன்று, நான்கு என்று வந்தது. தீபலட்சுமியிடம் வந்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"எங்கம்மா?"

"வேலங்குளம்."

ராஜகுரு விரலை மிஷின் மேல் வைத்தபடி நின்றான். அழுத்தவில்லை. பெத்தம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கணவரின் தலைக்கடியில் இருந்த கையை மட்டும் மாற்றினார். பஸ் ரயில்வே கேட்டைத் தாண்டியது.

"கீழக்காலனி" என்றாள் அவள்.

"சத்தமாச் சொல்லும்மா. எனக்குக் கேட்டுச்சு, மிஷினுக்குக் கேக்கல."

"கீழக்காலனி! போதுமா?"

பக்கத்திலிருந்த சிநேகிதி, "அது எங்கடி இருக்கு?" என்று கேட்டாள்.

"வேலங்குளத்துக்கு அங்கிட்டு. இந்த பஸ்ஸே போகும்."

சிநேகிதி போனைப் பார்த்தாள். இரண்டு நிமிடம் கழித்து எதையோ காட்டி இருவரும் சிரித்தார்கள். மறுநாளும் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அன்று நான் போகவில்லை.

வெள்ளத்துரையிடம் ராஜகுரு வந்ததும், "எனக்கு வேலங்குளம். அது இன்னும் இருக்குல்ல மிஷின்ல?" என்றான். அது கிண்டலா கோபமா என்று சொல்ல முடியாத குரல். பெத்தம்மாள் திரும்பாமலே, "இருக்கும் சாமி, எங்களுக்கு முந்தின ஸ்டேஜு. பயப்படாம எறங்குங்க" என்றார்.

மே மாதச் சராசரி 19. ஜூன் பத்தொன்பது வரை 21.

ஆனால் ஜூன் இருபதாம் தேதி பஸ் மந்தையோடு திரும்பிவிட்டது. சோதனைக் காலம் முடிந்தது, அடுத்த உத்தரவு வரவில்லை என்று ராஜகுரு வருத்தத்தோடு சொன்னான். நானும் மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். ஜூன் 22, 26, 29, ஜூலை 3, 6, 10. ஆறு நாளும் ஆட்டோ. பெத்தம்மாள் வெள்ளாடு ஒன்றை விற்றார். ஜூன் 26 காலையில் சோணைமுத்து, "இன்னைக்கு மிஷினு ரிப்பேராம்" என்று மறுபடி ஆரம்பித்தாராம். "அப்படியா? நான் போயி மிஷினைப் பாத்துட்டு வாரேன். நீங்களும் கூட வாங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தாராம். 'போகவில்லை' என்ற வரி இந்த முறை என் நோட்டில் இல்லை.

காலனிக்கு வரும் தபாலை ஊர் மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போவது தபால்காரர் வழக்கம். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு ஒரு பழுப்பு உறையைக் காட்டினார். 'திருமதி பெத்தம்மாள், கீழக்காலனி'. அனுப்புநர் கிளை அலுவலகம். யாராவது வந்தால் கொடுத்து அனுப்பலாம் என்றார் அவர். நான் வாங்கிக்கொண்டு நடந்தேன். எழுபத்தொரு வயதில் அந்த ரோட்டில் முதல் தடவை. முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. நிழல் மரம் நான்கு.

வீடு பூட்டியிருந்தது. மருத்துவமனை நாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர் வீட்டுப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டு மணிக்கு ஆட்டோ வந்தது.

"என்னய்யா, இங்கிட்டு?" என்றார் பெத்தம்மாள். சோணைமுத்துவை இறக்கி, கட்டிலில் படுக்க வைத்து, ஆட்டோக்காரருக்கு முந்நூறு கொடுத்துவிட்டு வந்தார். உறையை நீட்டினேன். வாங்கவில்லை.

"படிங்க."

"உங்க பேருக்கு வந்தது. நீங்க பிரிங்க."

கிழித்தார். என்னிடம் கொடுத்தார். சோதனை ஓட்டத்தில் போதிய பயணிகள் பயணித்தது தெரியவந்ததால் 17.7.2023 திங்கள் முதல் காலை, மாலை நடைகள் நிரந்தரமாக நீட்டிக்கப்படுகின்றன. நடத்துநர் பட்டியலில் ஸ்டேஜ் எண் 14 சேர்க்கப்படுகிறது.

"பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பதினாலு, கீழக்காலனி."

"எந்த இடத்துல?"

விரல் வைத்துக் காட்டினேன். அவரும் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். கரி போகாத விரல். தாளில் ஒரு தடம் விழுந்தது. பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, மிஷினு இனிமே ரிப்பேராகாது" என்றார். கட்டிலிலிருந்து சோணைமுத்து, "கெட்டுப்போச்சு, போ" என்றார்.

எனக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். பெத்தம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு செம்பில் மொண்டு கொடுத்தார். வாசலில் நின்று குடிக்கப் போனவன், கட்டிலைப் பார்த்துவிட்டு, செம்போடு கொல்லைப் பக்கம் போனேன். உள்ளிருந்து சோணைமுத்துவின் குரல் வந்தது:

"தெரியுதுய்யா, தெரியுது. எனக்கும் சேத்துக் குடிங்க."

குடித்தேன். செம்பைச் சத்தமில்லாமல் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 13.7.2023, வியாழக்கிழமை.